ஒட்டுத் தெரிய வேண்டும்

நுழையும்முன்

கண்ணால் கண்டதே சான்று என்னும் நம்பிக்கையின் மீது ஒளிப்படக் கலை வளர்ந்தது. இன்றோ கணினியில் உருவாக்கிய ஒரு பொருளை உண்மையான ஒளிப்படத்துக்குள் தடயமின்றிப் பொருத்த முடிகிறது. மதுரையையும் அதன் சுற்றுப்புறச் சமவெளியையும் களமாகக் கொண்டு, அக்கலையின் நுட்பத்தையும் அதற்குரிய பொறுப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அகழாய்வுக் குழியில் முழுப்பானை கிடைப்பது அரிது. மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக்கரையில் உள்ள கீழடியிலும் மிகுதியாகக் கிடைத்தவை உடைந்த ஓடுகளே. ஓடுகளைக் கழுவி உலர்த்தி, விளிம்போடு விளிம்பு பொருத்திப் பார்த்துப் பசையிட்டு ஒட்டுவர். பாதிப் பானை சேர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு ஓடு இராது. அந்த இடைவெளியைச் சாந்தினால் நிரப்பி வடிவத்தை முழுமையாக்குவது உண்டு. அவ்வாறு நிரப்பும்போது, சேர்த்த பகுதியைப் பழைய ஓட்டின் நிறத்துக்கு முற்றிலும் ஒப்பாகத் தீட்டிவிடக் கூடாது என்பது அத்துறையின் நெறி. நான்கடி தள்ளி நின்றால் பானை முழுமையாகத் தோன்ற வேண்டும். கிட்ட நெருங்கினால் எது மண்ணிலிருந்து வந்தது, எது இன்று சேர்த்தது என்பது புலப்பட வேண்டும். பழங்கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் பாதுகாப்பதற்காக 1964இல் வெனிஸ் நகரில் வகுக்கப்பட்ட சாசனத்தின் 12ஆம் விதியும் இதையே கூறுகிறது. இழந்த பகுதிக்கு ஈடாகச் சேர்ப்பது முழுமையோடு இசைந்திருக்கவேண்டும். ஆயினும் மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாகவும் இருக்கவேண்டும். இல்லையேல் வரலாற்றுச் சான்றே பொய்யாகிவிடும் என்பது அவ்விதியின் கருத்து.

ஒளிப்படத்துக்குள் கணினி உருவைப் பொருத்தும் கலைஞர் செய்வதும் ஏறத்தாழ இதே பணிதான். இல்லாததைச் சேர்த்து ஒரு காட்சியை முழுமையாக்குகிறார். தொழில்துறையினர் இதனைக் 'கம்போசிட்டிங்' என்பர், படப்பிணைப்பு எனலாம். பிணைத்த பின் குறைகளைத் துடைத்துச் செப்பனிடுவது 'ரீடச்சிங்'. ஆனால், இக்கலைஞரின் தொழில் இலக்கணம் பானை ஒட்டுபவரின் இலக்கணத்துக்கு நேர் எதிரானது. எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் ஒட்டுத் தெரியக் கூடாது என்பதே அவருடைய வெற்றிக்கு அளவுகோல்.

திரையரங்கில் அமர்ந்திருப்பவருக்கு அந்த இலக்கணம் போதும். பறக்கும் நாயகனின் கயிற்றைக் காட்டுங்கள் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால், சான்று என்று காட்டப்படும் படமும், பார்ப்பவரிடம் பணம் கேட்கும் படமும் திரைப்படக் காட்சிகள் அல்ல. அவ்விரண்டுக்கும் பானை ஒட்டுபவரின் இலக்கணமே பொருந்தும் என்பது என் நிலைப்பாடு.

வெற்று வானமும் தீட்டிய மேகமும்

படத்தைத் திருத்தும் வழக்கம் கணினியோடு வந்தது என்று எண்ணுவோர் பலர். மதுரையின் ஒளிப்பட வரலாறே அவ்வெண்ணத்தை மறுக்கிறது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் படை அலுவலர், மதுரையின் கோயிலையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் தெப்பக்குளத்தையும் படமெடுத்தார். அப்படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. மெழுகேற்றிய தாளில் எடுத்த எதிர்ப்படிமங்களை, அதாவது நெகட்டிவ்களை, அவர் பயன்படுத்தினார். அக்கால வேதிப்பூச்சு நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கியது. ஆகவே கட்டடம் தெளிவாகப் பதிவதற்குள் வானம் வெளிறி வெறுமையாகிவிடும். டிரைப் தம் எதிர்ப்படிமங்களின் மீது வண்ணப் பூச்சினால் மேகங்களைத் தீட்டினார். மரங்களின் இலைக்கொத்துகளையும் திருத்தினார். அச்சிட்டபோது தீட்டிய மேகமும் கருவி கண்ட கோபுரமும் ஒரே படமாயின.

டிரைப் செய்தது பொய்யா என்று கேட்டால், பெரும்பாலும் அன்று என்றே சொல்வேன். வானம் அன்று வெறுமையாக இருக்கவில்லை. கருவியால் அதனைக் காண இயலவில்லை. எனினும், 1858இன் ஒரு காலைப்பொழுதில் மதுரையின் வானிலை எவ்வாறு இருந்தது என்பதை அந்த மேகங்களைக் கொண்டு எவரேனும் முடிவுசெய்தால், தூரிகையின் கோட்டைச் சான்றாகக் கொண்டவர் ஆவார். கோபுரம் சான்று, மேகம் சான்று அன்று. ஒரே தாளில் இரண்டும் அருகருகே உள்ளன.

அதே டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுத்தபோது வேறொரு பிணைப்பைச் செய்தார். சுற்றி ஓடும் எழுத்து வரிகள் ஒரு படத்துக்குள் அடங்கா. 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். இங்கே பிணைப்பே உண்மையைக் காட்டும் வழி ஆயிற்று. ஆகவே, ஒட்டுவது குற்றம் என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை.

அக்காலத்து இங்கிலாந்தில் ஆஸ்கர் ரைலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்ப்படிமங்களை இணைத்து ஒரே காட்சியை 1857இல் உருவாக்கினார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து எதிர்ப்படிமங்களைக் கொண்டு, இறக்கும் நிலையில் உள்ள ஓர் இளம்பெண்ணைக் குடும்பத்தார் சூழ்ந்திருக்கும் படத்தை அமைத்தார். ஒளிப்படக் கலைக்கு அப்போது வயது இருபதுகூட நிறையவில்லை.

நம் ஊர்ப் படநிலையங்களின் வழக்கத்தையும் மறந்துவிடலாகாது. தீட்டிய திரைச்சீலையின் முன் நிற்கவைத்துப் படமெடுத்தனர். எதிர்ப்படிமத்தில் பென்சிலால் அம்மைத் தழும்பை மறைத்தனர். கருப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் தீட்டினர். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றேனும் இல்லாத குடும்பங்களில், இருவரும் காலமான பின்னர்த் தனித்தனிப் படங்களை இணைத்துச் சுவரில் மாட்டினர். அப்படங்களை வீட்டார் ஒருபோதும் சான்றாகக் கொண்டதில்லை. ஒட்டிய கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும், பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லப்படும். படத்தோடு அதன் வரலாறும் சேர்ந்தே வாழ்ந்தது. இன்று கைப்பேசி வழியே பரவும் படத்துக்கு அத்தகைய துணை இல்லை.

நிழல் விழும் திசை

ஒட்டு எவ்வாறு மறைக்கப்படுகிறது என்பதை அறிந்தவரே ஒட்டைத் தேட அறிவார். ஆகவே, இத்தொழிலின் நுட்பத்தைச் சற்று விரிவாகவே காண்போம்.

முதலில் பொருந்த வேண்டியது தொடுவானம். மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் ஒருவர் நின்றுகொண்டு தம் கண்மட்டத்தில் படக்கருவியைப் பிடித்தால், அவரை ஒத்த உயரமுடைய மனிதர் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் அவர்களின் கண்கள் ஏறத்தாழத் தொடுவானக் கோட்டின் மீதே அமையும். கணினியில் உருவாக்கிய கட்டடத்துக்கு வேறொரு உயரத்தில் தொடுவானத்தை அமைத்துவிட்டால், அது நிலத்தில் நில்லாமல் மிதப்பதுபோல் தோன்றும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ பொருந்தவில்லை என்று மட்டும் மனத்தில் படும்.

அடுத்தது ஒளி. திறந்தவெளியில் நிற்கும் வெள்ளைச் சுவர்மீது கதிரவன் ஒளி மட்டும் விழுவதில்லை. வானத்தின் நீலம் அதன் நிழற்பகுதியில் படிகிறது. செம்மண் தரையில் பட்டுத் திரும்பும் ஒளி சுவரின் அடிப்பகுதியைச் சிவக்கவைக்கிறது. இவ்வாறு எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒளியை அளந்து வைத்துக்கொள்ள, பால் டெபெவெக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1998இல் எளிய வழியொன்றைக் காட்டினார். படமெடுக்கும் இடத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் உருண்டை ஒன்றை வைத்து, வெவ்வேறு அளவு வெளிச்சத்தில் அதனைப் பலமுறை படமெடுப்பது அவ்வழி. உருண்டையில் சுற்றுப்புறம் முழுவதும் தெரியும். அப்படங்களை ஒருங்கிணைத்தால், எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்னும் கணக்குக் கிடைத்துவிடும். கணினிப் பொருளின்மீது அந்த ஒளியையே பாய்ச்சினால் அப்பொருள் அவ்விடத்துக்கே உரியதாகிவிடுகிறது.

நிழலில்தான் பலர் இடறுகின்றனர். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழப் பத்துப் பாகையில் உள்ளது. சித்திரை முதல் வாரத்தின் நண்பகலில் கதிரவன் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். நட்ட கோலுக்கு நிழல் இராது. ஆவணியில் மீண்டும் ஒருமுறை அவ்வாறு நிகழும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆண்டின் பிற மாதங்களில் வடக்கே விழும். மார்கழியில் பத்தடிக் கோலின் நண்பகல் நிழல் ஆறடிக்கு மேல் நீளும். ஆனித் தொடக்கத்தில் இரண்டரை அடிகூட நிறையாது. இலண்டனிலோ பாரிசிலோ இருந்து பார்ப்பவருக்கு நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கே மட்டும் நீண்டு விழும். அந்நாட்டுக் கதிரவனையும் வானத்தையும் அப்படியே எடுத்து மதுரைப் படத்தில் பொருத்தியவரின் கட்டடம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த நிழற்கணக்கு நமக்குப் புதிதன்று. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடும் நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதி ஒன்று உண்டு. இரண்டு கோல்களை நட்டு, கதிரவன் எப்பக்கமும் சாயாத நண்பகலில் நிழலைக் குறித்து, நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை காண்பதை நக்கீரர் அங்கே சொல்கிறார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனைச் சித்திரைத் திங்களுக்கு உரியதாகக் கொள்கிறார். கட்டடம் எழும்முன் நிழலைக் கேட்ட மரபு அது.

எஞ்சியவை சிறியன, ஆயினும் ஒட்டை மறைப்பவை அவையே. ஒரு பொருள் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கருங்கோடு போன்ற நிழல் வேண்டும். தொலைவுப் பொருளில் கறுப்பு முழுக் கறுப்பாக இராது. ஒத்தக்கடையில் நின்று காணும் யானைமலையின் பாறைக்கும் பசுமலைப் பக்கத்திலிருந்து காணும் அதே பாறைக்கும் நிறம் ஒன்றன்று. இடையிலுள்ள காற்றும் தூசியும் அதனை வெளிறச் செய்கின்றன. ஒளிப்படத்தில் உள்ள மணல் போன்ற நுண்புள்ளிகள் கணினி உருவில் இரா. அவற்றைத் தூவ வேண்டும். கணினி உருவின் விளிம்பு கத்தி கொண்டு வெட்டியதுபோல் இருக்கும். அதனைச் சற்று மழுக்க வேண்டும். சுவரில் மழைநீர் வழிந்த கறை, படியில் தேய்மானம், மின்கம்பியில் தொங்கும் நூலறுந்த பட்டம் ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் மனிதக் கண் வாதிடுவதை நிறுத்திவிடும்.

கீழடியில் ஒரு வீடு எழுப்புதல்

இத்தனை நுட்பங்களையும் கற்ற ஒருவர், கீழடியின் அகழாய்வுக் குழியை எடுத்த ஒளிப்படத்தின் மீது அக்காலத்து வீடு ஒன்றை எழுப்ப விரும்புகிறார் என்று கொள்வோம். விருப்பம் நல்லதே. குழியை நேரில் காணும் மாணவர்களுக்கு அங்கே தெரிவன சில வரிசைச் செங்கற்களும் உறைகிணற்று வளையங்களுமே. அவற்றைக் கொண்டு ஒரு தெருவை மனத்தில் எழுப்பிக்கொள்ள எல்லாராலும் இயலாது. வகுப்பறையில் நான் பலமுறை கண்டது இது. செங்கல்லைக் காட்டும்போது சோர்ந்திருக்கும் முகங்கள் வீட்டைக் காட்டும்போது மலர்கின்றன.

அந்த வீட்டின் எந்தெந்தப் பகுதிகளுக்குச் சான்று உண்டு? செங்கற்சுவரின் அடிவரிசைகள் குழியிலேயே உள்ளன. விரற்பள்ளங்களும் துளைகளும் உடைய கூரை ஓடுகள் கிடைத்துள்ளன. எனவே ஓடு வேய்ந்த கூரை என்பது வெறுங்கற்பனை அன்று. ஆனால், சுவர் எத்தனை அடி உயர்ந்தது? சாளரம் இருந்ததா? கதவு எத்திசை நோக்கியது? சுவரில் பூசிய நிறம் யாது? திண்ணை உண்டா? இவற்றுக்கெல்லாம் கலைஞரே விடை சொல்லியாக வேண்டும். ஏனெனில் படத்தில் வெற்றிடம் விட முடியாது. எழுத்தாளர் 'ஓடு வேய்ந்த வீடு' என்று எழுதிவிட்டு நிற்கலாம். படம் வரைபவர் கதவின் தாழ்ப்பாள்வரை முடிவு செய்தாக வேண்டும். சான்றுள்ள செங்கல்லும் சான்றில்லாத தாழ்ப்பாளும் ஒரே ஒளியில், ஒரே தெளிவோடு பார்ப்பவர் முன் நிற்கின்றன. வரலாற்றுப் படப்பிணைப்பின் தலையாய இடர்ப்பாடு இதுவே.

பண்பாட்டு மரபைக் கணினியில் காட்சிப்படுத்துவோருக்கென 2006இல் முதன்முதலாக வகுக்கப்பட்டு, 2009இல் திருத்தப்பட்ட இலண்டன் சாசனம் இந்த இடர்ப்பாட்டை உணர்ந்தே எழுதப்பட்டது. காட்டப்படுவது இன்றுள்ள நிலையா, சான்று வழிப்பட்ட மீட்டுருவாக்கமா, கருதுகோளா என்பது பார்ப்பவருக்குத் தெளிவாக வேண்டும் என்றும், எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவுக்கு வந்தோம் என்பதைப் பதிந்து வைக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது.

கொந்தகையின் முகங்கள்

வீட்டைவிட முகம் கூர்மையான எடுத்துக்காட்டு. கீழடி மக்களின் இடுகாடாகக் கருதப்படும் கொந்தகையில் முதுமக்கள் தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அங்குக் கிடைத்த ஆண்களின் மண்டையோடுகள் இரண்டின் முப்பரிமாணப் பதிவுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபியல் ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள முக ஆய்வகத்துக்கு அனுப்பினர். அங்கே கணினியில் எலும்பின் மீது தசையும் தசையின் மீது தோலும் அமைத்து முகங்கள் உருவாக்கப்பட்டன. 2025இல் அவை செய்தித்தாள்களில் வெளிவந்தபோது தமிழ்நாடே உற்றுப் பார்த்தது. ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன் வைகைக்கரையில் வாழ்ந்தவரின் முகம் என்றால் எவர் மனம்தான் அசையாது!

அம்முகங்களில் எலும்பு சொன்னது எவ்வளவு, எலும்பு சொல்லாதது எவ்வளவு என்பதே நம் கேள்வி. நெற்றியின் சாய்வு, கன்ன எலும்பின் அகலம், கண்குழிகளின் இடைவெளி ஆகியவற்றை மண்டையோடு உறுதியாகச் சொல்லும். ஒவ்வோரிடத்திலும் தசை எவ்வளவு தடித்திருக்கும் என்பதைச் சராசரி அளவுகளிலிருந்து கணிப்பர். காதின் வடிவத்தையும் உதட்டின் தடிப்பையும் எலும்பு அரைகுறையாகவே உணர்த்தும். தோலின் நிறத்தையும் விழியின் நிறத்தையும் தலைமயிரின் போக்கையும் எலும்பின் வடிவம் சொல்லாது. வழக்கமான நெறிப்படி, இன்றைய தமிழ்நாட்டு மக்களின் நிறங்களை ஒட்டி அவை தீட்டப்பட்டன. ஆய்வாளர்கள் இதனை மறைக்கவில்லை. ஆனால், படம் தனியே புறப்பட்டுவிட்டது. நிறத்தையும் மூக்கையும் சுட்டிச் சமூக ஊடகங்களில் வாதங்கள் மூண்டன. எலும்பு சொல்லாத ஒன்றைக் குறித்து, எலும்பே சொல்லியதுபோல் இரு தரப்பாரும் வழக்காடினர்.

இதனால் கெடுவது யாது? நாளை வேறு ஆய்வு வேறு நிறத்தைச் சொல்லக்கூடும். அன்று, திருத்தப்பட்டது தோலின் நிறம் மட்டுமே என்று எவரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. 'கீழடிப் படங்களெல்லாம் இப்படித்தான்' என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவர். கரிமப் பகுப்பாய்வில் கிடைத்த கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் காலக்கணிப்பும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வரைந்த தோலோடு சேர்ந்து ஐயத்துக்கு உள்ளாகும். கீழடியின் மீது பற்றுடையவர்கள்தாம் ஒட்டைக் காட்டுமாறு முதலில் கேட்க வேண்டியவர்கள்.

பணம் கேட்கும் படங்கள்

தொன்மையை விட்டு மேலூர்ச் சாலைக்கும் சுற்றுச்சாலைக்கும் வருவோம். வீட்டுமனை விளம்பரப் பலகைகளில் மலையும் வயலும் வானமும் ஒளிப்படம். நடுவே நிற்கும் வீடுகள், புல்வெளி, நீச்சல்குளம், மிதிவண்டியில் செல்லும் சிறுவன் யாவும் கணினி உரு. பலகையின் அடியில், எறும்பின் உயரமுள்ள எழுத்தில், படம் கற்பனையே என்று அச்சிட்டிருப்பதும் உண்டு. வாகனத்தில் செல்பவர் அதனை எவ்வாறு படிப்பார் என்று நான் வியந்ததுண்டு.

இங்கே சேர்த்ததைவிட நீக்கியதே பெரிது. மனையின் குறுக்கே செல்லும் உயர் அழுத்த மின்கம்பியைச் சில நொடிகளில் துடைத்துவிடலாம். மழைக்காலத்தில் நிறைந்திருந்த கண்மாயைப் பின்னணியாக வைத்துக்கொண்டு, பங்குனியில் அது வெடித்துக் கிடப்பதைச் சொல்லாமல் விடலாம். மனை நிற்பதே பழைய நீர்வரத்துக் கால்வாயின் மீது என்பதைப் புல்வெளி மூடிவிடும். சேர்த்த பொருளுக்கு நிழல் உண்டு. அதனைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். நீக்கிய பொருளுக்கு நிழலும் இல்லை. வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் அப்படத்தை நம்பிக் கொடுப்பவர், இந்நூலைப் படிக்கும் மாணவர் ஒருவரின் பெற்றோராகவும் இருக்கலாம்.

ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்தில் உள்ள பொய்யான கூற்றை நம்பி முன்பணம் கொடுத்து இழப்புக்கு உள்ளானவருக்கு இழப்பீடு கோரும் உரிமையை வழங்குகிறது. சட்டம் துணை நிற்கிறது. ஆயினும், படத்தின் எப்பகுதி கூற்று, எப்பகுதி அலங்காரம் என்பதை இழப்பு நேர்ந்தபின் வாதிட்டு நிறுவுவது எளிதன்று.

இதே நுட்பம் பொதுநலனுக்குப் பயன்படுவதும் உண்டு. இலண்டன் மாநகரில், பாதுகாக்கப்பட்ட காட்சிகளைப் பாதிக்கக்கூடிய உயர்ந்த கட்டடத்துக்கு இசைவு கேட்பவர், அது எழுந்தபின் அக்காட்சி எவ்வாறு தோன்றும் என்பதைப் படப்பிணைப்பாகக் காட்ட வேண்டும். படக்கருவி நின்ற இடம், உயரம், வில்லையின் அளவு, படமெடுத்த நேரம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதிய வேண்டும். ஐயமுற்றவர் அதே இடத்தில் நின்று சரிபார்க்கலாம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் கட்டடங்கள் ஒன்பது மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்னும் கட்டுப்பாடு உள்ளது. மாசி வீதியில் நிற்பவருக்குக் கோபுரத்தின் எப்பகுதியை எக்கட்டடம் மறைக்கும் என்பதை இத்தகைய படம் ஒன்று நூறு பக்க அறிக்கையைவிட நன்றாக விளக்கும்.

முத்திரை போதுமா?

இந்திய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவு விதிகள், செயற்கையாக உருவாக்கிய காட்சிகளில் அதனை அறிவிக்கும் முத்திரை வேண்டும் என்றும், அம்முத்திரை காட்சிப் பரப்பில் பத்தில் ஒரு பங்கேனும் இருக்க வேண்டும் என்றும் முன்மொழிந்தன. நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால், படப்பிணைப்பைப் பொறுத்தவரை வெறும் முத்திரை எனக்கு நிறைவளிக்கவில்லை. பத்தில் ஒன்பது பங்கு உண்மையான ஒளிப்படமாகவும் ஒரு பங்கு கணினி உருவாகவும் உள்ள படத்தின்மீது 'செயற்கை' என்று எழுதினால், அந்த ஒன்பது பங்கும் பழிக்கு உள்ளாகிறது. ஒரு பங்கு எது என்பதும் தெரிவதில்லை. கீழடிக் குழியின் செங்கல்லுக்கும் அந்த முத்திரை. இல்லாத நீச்சல்குளத்துக்கும் அதே முத்திரை. நேர்மையாக உழைத்த ஆய்வுக் கலைஞரும் ஏமாற்ற நினைத்தவரும் ஒரே வரிசையில் நிற்க நேரும். பார்ப்பவர்க்குத் தேவையானது, எவ்விடத்தில் எது சேர்க்கப்பட்டது என்னும் செய்தி.

அது நடைமுறைக்கு ஒவ்வாது, கலைஞருக்குப் பெருஞ்சுமை என்பர் சிலர். படப்பிணைப்பு இயங்கும் முறையை அறிந்தால் அக்கூற்று நில்லாது. கணினிப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களால் ஆனது. எட்வின் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோர் 1970களின் பிற்பகுதியில் நான்காம் எண் ஒன்றைச் சேர்த்தனர். இப்புள்ளியைக் கணினிப் பொருள் எவ்வளவு மூடுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. 'ஆல்பா' எனப் பெயரிட்டனர். முற்றிலும் மூடினால் ஒன்று, மூடாவிடில் சுழி, இலை விளிம்பிலும் மயிர் நுனியிலும் இடைப்பட்ட பின்னம். அந்த எண்ணைக் கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கணக்கை தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் ஒழுங்குபடுத்தினர். இன்றைய படப்பிணைப்பு முழுவதும் அதன்மீது நிற்கிறது.

கலைஞரின் கணினியில் பணி நடக்கும்வரை ஒளிப்படம் ஓர் அடுக்காகவும் கணினி உரு மற்றோர் அடுக்காகவும் தனித்தனியே இருக்கின்றன. ஒட்டு எங்கே என்பதைப் புள்ளிக்குப் புள்ளி அந்த நான்காம் எண் வைத்திருக்கிறது. பணி முடிந்து, அடுக்குகளை ஒன்றாக அழுத்தி, ஜேபெக் கோப்பாகச் சேமிக்கும் நொடியில் அது அழிகிறது. ஏனெனில் ஜேபெக் வடிவத்தில் மூன்று நிற எண்களுக்கே இடமுண்டு, ஆல்பாவுக்கு இடமில்லை. ஆகவே, ஒட்டைக் காட்டும் படத்தைக் கலைஞர் புதிதாக வரைய வேண்டியதில்லை. அழியும்முன் அந்த அடுக்கைக் கறுப்பு வெள்ளைப் படமாகத் தனியே எடுத்து வைத்தால் போதும். வெள்ளையாக உள்ளதெல்லாம் சேர்த்தது, கறுப்பாக உள்ளதெல்லாம் கருவி கண்டது. ஒன்றைத் துடைத்து நீக்கிய இடத்திலும் மேலே ஒரு பூச்சு அடுக்கு இருக்கும். அதுவும் வெள்ளையாகவே தெரியும்.

அருங்காட்சியகச் சுவரிலும் பாடநூலின் பக்கத்திலும் மனை விற்பனை அலுவலகத்தின் முகப்பிலும் மூன்று படங்கள் அருகருகே இடம்பெறலாம். முதலாவது கருவி எடுத்த படம். இரண்டாவது பிணைத்த படம். மூன்றாவது, தபால்தலை அளவே இருந்தாலும், அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். கொந்தகை முகத்துக்கு அருகில் மண்டையோட்டின் படத்தையும், எலும்பு சொன்னதை ஒரு நிறத்திலும் கணித்ததை மற்றொரு நிறத்திலும் காட்டும் படத்தையும் அச்சிடலாம். அச்சுச் செலவு கால் பக்கம்.